கை வைத்துப் பார்க்காத இன்ஜின்

டெல்ஃபா மன்சியை ஒரு ஐஸ்பெட்டிக்காகக் கீழே விட்டுவிட்டுப் போனார்கள். இந்தக் கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

எங்கள் கரிச் சுரங்கப் பள்ளத்தாக்கில் மே மாதத்துக் கடைசி ஞாயிறுதான் கல்லறை ஞாயிறு. பிட்ஜன் முகட்டின் உச்சியில் எங்கள் ஆட்கள் நூற்றுச் சொச்சம் பேர் கிடக்கிறார்கள். அன்றைக்குப் புல் வெட்டி, பூ வைத்து, அங்கேயே விரிப்புப் போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்குவோம். முன்பெல்லாம் ஜீப் ஏறும். பெரிய வெள்ளத்தில் பாதை சரிந்த பிறகு ஏடிவி என்கிற நாலு சக்கர பைக் ஒன்றுதான் ஏறுகிறது. சொந்தமாக அது இருப்பவன் ஏறுவான். இல்லாதவன் இருப்பவன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஏறுவான்.

டெல்ஃபாவின் கணவன் ஹார்லெஸ் அங்கே இருக்கிறான். சுரங்கக் கூரைக்கு போல்ட் முடுக்குகிற வேலை அவனுக்கு. நுரையீரலில் கரித்தூசி நிரம்பி ஐம்பத்து மூன்று வயதில் போய்விட்டான். ஆறு வருடம் அவளைக் கொழுந்தன் ராண்டல்தான் மேலே கூட்டிப் போனான். கூட்டிப் போனான் என்று சொல்வதே அதிகம். மூட்டையை ஏற்றுவதுபோல ஏற்றிப் போவான். அவன் பீர் தீர்ந்ததும் ஹாரன் அடிப்பான், அவள் எழுந்து வர வேண்டும். புருஷனோடு அரை மணி நேரம் உட்கார அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

போன வருடம் அதுவும் போயிற்று. ஓடைக் கரையில் எல்லோரும் புறப்பட்டுக்கொண்டிருக்க, ராண்டல் வண்டியின் பின்சீட்டில் ஐஸ்பெட்டியை வைத்துக் கயிறு கட்டினான்.

"அண்ணி, இந்தத் தடவ உருளக்கிழங்கு சாலட் எல்லாம் இதுலதான் இருக்கு. வெயில்ல கெட்டுப் போயிரும். நீங்க அடுத்த ட்ரிப்ல வாங்க, நான் இறங்கி வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவன் இறங்கி வரவில்லை. மேலே போனவன் மறந்தே போனான். டெல்ஃபா கையில் பூவோடு ஓடைக் கரையில் மூன்று மணி நேரம் நின்றாள். அந்தப் பூவையும் சொல்ல வேண்டும். கடைப் பூ இல்லை. குளிர்காலம் முழுக்க வண்ணக் காகிதத்தை வெட்டி, சுருட்டி, உருக்கிய மெழுகில் முக்கி எடுத்துச் செய்தது. மழை பெய்தாலும் மாதக் கணக்கில் நிற்கும். நடந்து ஏறலாம் என்றால் மூன்று மைல் செங்குத்து. அவளுடைய இடது முழங்கால் பழைய பஸ்ஸின் கிளட்ச்சை மிதித்து மிதித்து என்றைக்கோ போய்விட்டது. நான் அன்றைக்கு மகள் வீட்டில் இருந்தேன். இருந்திருந்தால் அந்த ஐஸ்பெட்டியை ஓடையில் தூக்கிப் போட்டிருப்பேன்.

டெல்ஃபா அதற்காக யாரிடமும் சண்டை போடவில்லை. பூவை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜ் மேல் வைத்தாள். "அடுத்த வருஷம் நான் யார் முதுகையும் பிடிக்க மாட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

அவளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இருபத்தேழு வருடமாக எங்கள் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டுகிறாள். இந்த ஊரில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கிற யாரைக் கேட்டாலும் அவளிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். தினமும் காலையில் பேருந்தை எடுப்பதற்கு முன் அதை ஒரு சுற்று சுற்றி வருவாள். ஒவ்வொரு டயர்மேலும் கை வைப்பாள், விளக்கைத் தட்டுவாள், மூடியைத் திறந்து பெல்ட்டை விரலால் அழுத்துவாள். நேற்று சாயந்திரம் நிறுத்திய வண்டிதானே என்று ஒருமுறை கேட்டேன். "நேத்து பார்த்தது நேத்தைக்கு" என்றாள். கையால் தொட்டாலொழிய அவள் எதையும் நம்புகிறவள் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிப்ரவரியில் தீவனக் கடைப் பலகையில் ஒரு சீட்டுப் பார்த்தாள். பழைய டூ-ஸ்ட்ரோக் ஏடிவி, இருநூறு சிசி, ஆயிரத்து இருநூறு டாலர். விற்கிறவர் பிரதர் கார்லண்ட். எங்கள் சபையின் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டைத் தூக்கி வருகிறவர், ஹார்லெஸின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர்.

டூ-ஸ்ட்ரோக் வேண்டாம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். புகை கக்கும், அடிக்கடி பழுதாகும், பொம்பளைக்குச் சரிப்படாது. ராண்டல் ஒரு படி மேலே போய், "அண்ணிக்கு மரம் வெட்டுற மெஷினுக்குச் சக்கரம் வச்சுக் கொடுத்த மாதிரி இருக்கும்" என்று சிரித்தான். ஆனால் அது எடை குறைவு, சரிவில் சறுக்கினால் ஒரு ஆளே தூக்கி நிறுத்தலாம், உள்ளே இருக்கிற சாமான்கள் கொஞ்சம், வீட்டிலேயே பிரித்துப் பூட்டலாம். டெல்ஃபாவுக்கு வேண்டியது அதுதான். வழியில் நின்றால் இன்னொருத்தனைக் கூப்பிடாமல் தானே பார்த்துக்கொள்கிற வண்டி.

வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனாள். நான் முப்பது வருடமாக மர அறுப்பு மெஷினும் புல்வெட்டியும் ரிப்பேர் பண்ணுகிறவன். டூ-ஸ்ட்ரோக்கின் வயிற்றுக்குள் இருக்கிறது எல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்கப் போனால் முதல் வேலை, விற்கிறவன் வாயைத் திறப்பதற்கு முன் இன்ஜினில் உள்ளங்கையை வைப்பது. ஜில்லென்று இருந்தால் பேச்சைத் தொடரலாம். சூடாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான். தேய்ந்துபோன இன்ஜின் குளிரில் கிளம்பாது, இருபது தடவை உதைக்க வைக்கும். அதை மறைக்க நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். சூடான இன்ஜின் எவ்வளவு மோசமானாலும் ஒரே உதையில் கிளம்பிவிடும்.

ஆனால் இது அந்நியனிடம் செய்வது. சபையில் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவன் இன்ஜினில் கை வைத்தால், நீ பொய்யன் என்று அவன் முற்றத்திலேயே நின்று சொல்வதாக அர்த்தம். அதற்காக இரண்டு குடும்பம் பத்து வருடம் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிரதர் கார்லண்ட் கொட்டகையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீல வண்டி, துடைத்துப் பளபளவென்று இருந்தது. டெல்ஃபா ஒரு சுற்று சுற்றினாள். டயரைத் தொட்டாள், சங்கிலியை ஆட்டிப் பார்த்தாள், கையுறையைக் கழற்றினாள். கை இன்ஜினை நோக்கிப் போயிற்று. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

மெதுவாகத்தான் பிடித்தேன். ஏதோ சொல்ல வருகிறவன்போல அவளை இந்தப் பக்கம் திருப்பினேன். "பிரதர் கார்லண்ட் வண்டி, டெல்ஃபா" என்றேன், சிரித்துக்கொண்டே. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள்.

கார்லண்ட் ஒரே உதை உதைத்தார். எழுந்தது. வண்டி பாடியது என்றே சொல்ல வேண்டும்.

"பெட்ரோல் இங்க ஊத்தணும், சிஸ்டர். டூ-ஸ்ட்ரோக் ஆயில் இந்தச் சின்ன டேங்க்ல. நான் ஃபுல்லா ஊத்தியே வச்சிருக்கேன். ஹார்லெஸ் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பான்."

ஹார்லெஸ் பெயரை இழுத்தார் பாருங்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். கையைக் குலுக்கினார்கள். எங்கள் ஊரில் கையைக் குலுக்கிவிட்டால் முடிந்தது, அதற்குப் பிறகு திரும்பக் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது.

மார்ச் நடுவில் பனி விட்டதும் சனிக்கிழமைகளில் ஓட்டிப் பழகினாள். எங்கள் பள்ளத்தாக்கில் பழைய கரி லாரிப் பாதைகள் நிறைய உண்டு, அவற்றில் ஏறி இறங்கினாள். ஐம்பத்தெட்டு வயதில், சீட்டிலிருந்து பிட்டத்தைத் தூக்கி, முன்னால் சாய்ந்து, ஓடைக் கற்களின் மேல் அவள் போவதைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பேருந்தில் நாற்பது மைல் வேகத்தைத் தாண்டாத பெண்பிள்ளை என்று யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது சனிக்கிழமை பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பினாள். மூன்றாவது சனிக்கிழமை என் கடையில் வந்து நின்று சொன்னாள்:

"புகையே வர்றதில்ல எஸ்டில். முன்னைக்கு இப்ப நல்லா இழுக்குது. தன்னால சரியாயிட்டு வருது பாரு."

டூ-ஸ்ட்ரோக் புகையை நிறுத்தினால் உள்ளே ஆயில் போகவில்லை என்று அர்த்தம். சாகப்போகிற டூ-ஸ்ட்ரோக் சாவதற்கு முன்தான் மிக நன்றாக ஓடும். இது எனக்குத் தெரியும். ஒரு புல்வெட்டியின் பிளேடைத் தீட்டிக்கொண்டே "ம், நல்லது" என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம், முகட்டுப் பாதையின் பாதியில், செங்குத்தான இடத்தில் இன்ஜின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த சக்கரம் ஒரே நொடியில் கல்லாக நின்றது. அவள் கிளட்ச்சைப் பிடித்தாள், இருபத்தேழு வருடம் வண்டி ஓட்டிய பழக்கம், பிழைத்தாள். பிறகு மழையில், அந்த முழங்காலோடு, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து ஒன்றரை மைல் வண்டியைப் பின்னோக்கி இறக்கிக் கொண்டுவந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை அவள் கொட்டகையில் வண்டியைப் பிரித்தோம். பிஸ்டனின் ஓரம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடின பிஸ்டன். ஆனால் ஆயில் டேங்கோ விளிம்புவரை நிரம்பியிருந்தது. வாங்கிய அன்றைக்கு இருந்த அளவிலிருந்து ஒரு சொட்டு குறையவில்லை. நான் டேங்கிலிருந்து இறங்கும் குழாயை விரலால் தொடர்ந்தேன். சட்டத்துக்குப் பின்னால், கண்ணுக்குப் படாத இடத்தில், குழாயை வெட்டி அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திருகி அடைத்திருந்தது. ஆயிலை இன்ஜினுக்கு அனுப்புகிற பம்ப்பே இல்லை. பம்ப் இருந்த ஓட்டையை ஒரு தகடு வைத்து மூடி, அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார் கார்லண்ட்.

பம்ப்பை எடுத்துவிடுவது தப்பில்லை. பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எடுத்துவிட்டால் மர அறுப்பு மெஷினுக்குக் கலப்பதுபோலப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆளும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். வாங்கும்போது டேங்கில் பாதி அவர் கலந்தது இருந்தது, அதனால்தான் முதல் இரண்டு வாரம் ஓடியது. பம்ப் இல்லாத வண்டி என்றால் இன்னும் விலை இறங்கும் என்று செத்த டேங்கில் ஆயிலை நிரப்பி, இதில் ஊற்று சிஸ்டர் என்று கையால் காட்டினார். செங்குத்தில் ஒரு விதவையின் கழுத்து முறிந்தாலும் பரவாயில்லை என்று காட்டினார்.

போல்ட்டையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் உட்கார்ந்து சோள ரொட்டியை மோரில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போல்ட்டை அவர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்ன பிரதர்?"

அவர் முகம் மாறவில்லை. கரண்டியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"பம்ப்ப எடுத்துட்டுத்தான் நான் ஓட்டுனேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலையே."

"ஆயில் இங்க ஊத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆயில் டேங்க் அதுதானே பிரதர் எஸ்டில். நான் பொய் சொல்லலையே. அதுவும் போக, நீ முப்பது வருஷம் இன்ஜின் பாக்குறவன். நீதானே சிஸ்டர் பக்கத்துல நின்ன. நீ பாத்துச் சரின்னுதானே கை குலுக்குனோம்." அப்புறம் எழுந்து டெல்ஃபாவின் தோளில் கை வைக்கப் போனார். "வந்தது வந்தீங்க, ஒரு வார்த்த ஜெபிச்சுட்டுப் போலாம்."

டெல்ஃபா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். போல்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "சாப்பிடுங்க பிரதர், ஆறிரப் போகுது" என்றாள். மோர் எங்கே ஆறும். அவருக்கும் அது புரிந்தது.

திரும்பி வரும்போது நான் லாரியை ஓட்டிக்கொண்டே அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சபையில் எழுந்து நின்று சொல்வேன் என்றேன், காணிக்கைத் தட்டைப் பிடுங்குவேன் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடைப் பாலம் வந்ததும் சொன்னாள்:

"நான் கை வைக்கப் போனேன். நீ பிடிச்ச."

நான் கியரைக் குறைத்துப் பாலத்தைக் கடந்தேன். அவள் அதை மறுபடி சொல்லவில்லை. அந்த ஆள் செய்தது திருட்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் திருடனுக்கு மரியாதை கெட்டுவிடக் கூடாது என்று கதவைத் திறந்து விட்டவன் நான். என்மேல் எனக்கு வந்த கோபம் அவர்மேல் வந்ததைவிடப் பெரியது.

கல்லறை ஞாயிறுக்கு ஏழு வாரம் இருந்தது. நானே சரிசெய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "எப்படின்னு சொல்லு. கை என்னோடது." காலை டிரிப்புக்கும் மத்தியான டிரிப்புக்கும் நடுவே ஐந்து மணி நேரம் அவளுக்குச் சொந்தம். அந்த நேரத்தில் செய்தாள். சிலிண்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோய் உட்சுவரைக் கடைந்து வாங்கி வந்தாள். புதுப் பிஸ்டன், புது ரிங், புது கேஸ்கெட். ரிங்கைப் பூட்டும்போது முதல் ரிங்கை உடைத்தாள். ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு இன்னொன்று வரவழைத்தாள்.

பூட்டியதும் அப்படியே கிளப்பலாம் என்று நான் நினைத்தேன். அவள் விடவில்லை. "இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்காரோ." கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்ப்பால் உள்ளே கொஞ்சம் காற்று ஏற்றி, இன்ஜின் முழுக்கச் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினாள். இடது பக்கம், இன்ஜின் தண்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையமான கிராங்க் சீலின் விளிம்பில், சின்னச் சின்னக் குமிழ் வந்தது. அந்த வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆயில் கலந்து ஊற்றியிருந்தாலும் என்றைக்காவது இந்த இன்ஜின் வெந்துதான் போயிருக்கும். அதையும் மாற்றினாள்.

அப்புறம் டியூனிங். பேருந்து திரும்புகிற மேட்டில் முழு வேகத்தில் ஏறுவாள். உச்சியில் கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை அந்த நொடியே நிறுத்துவாள். அங்கேயே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கின் பீங்கான் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் வேகிறது. கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். பால் விட்ட காப்பி நிறம் வந்தால் சரி. முதல் தடவை சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கார்புரேட்டரைத் திறந்து பெட்ரோலை அளந்து விடுகிற துளைத் திருகான ஜெட்டை ஒரு எண் பெரிதாகப் போட்டாள். இன்னும் வெளுப்பு. இன்னொரு எண். பேருந்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் வேலிப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஐந்தாவது தடவை பிளக்கைக் கழற்றி, என்னிடம் நீட்டாமல், தன் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தானே தலையை ஆட்டிக்கொண்டாள்.

இனி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றினாள், ஆனால் செத்த ஆயில் டேங்கை மட்டும் கழற்றவில்லை. அதைக் காலி செய்து கழுவி, மேல்பக்கத்தை அகலமாக வெட்டித் திறந்து வைத்தாள். எதற்கு என்று கேட்டேன், சொல்லவில்லை.

கல்லறை ஞாயிறு அன்று ஓடைக் கரையில் இருபது வண்டிக்குமேல் நின்றது. ராண்டல் அவள் வண்டியைச் சுற்றி வந்தான்.

"அண்ணி, நான் கயிறு எடுத்து வச்சிருக்கேன். பாதியில நின்னா கூச்சப்படாமச் சொல்லுங்க."

"பத்திரமா வச்சுக்கோ. உன் ஐஸ்பெட்டி விழுந்துச்சுன்னா வேணும்."

கூட்டம் சிரித்தது. அவன் காது சிவந்தது. டெல்ஃபா உதைத்தாள். குளிர்ந்த இன்ஜின், மூன்றாவது உதையில் எழுந்தது. நீலப் புகை ஓடைக் கரையை மூடியது. அந்த நாற்றம் அன்றைக்கு எனக்குச் சாம்பிராணி மாதிரி இருந்தது.

முதலில் ஏறியவள் அவள். செங்குத்து இடத்தில், போன தடவை இன்ஜின் பிடித்துக்கொண்ட அதே பாறையில், கியரைக் குறைத்து, முன்னால் சாய்ந்து, ஒரே மூச்சில் போனாள். ராண்டல் அவளுடைய புகையைத் தின்றுகொண்டே பின்னால் வந்தான். நான் எட்டாவதாகவோ பத்தாவதாகவோ போய்ச் சேர்ந்தபோது அவள் ஹார்லெஸின் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கழுவிய ஆயில் டேங்குக்குள் மெழுகுப் பூக்கள் இருந்திருக்கின்றன. போன வருடத்தது, இந்த வருடத்தது, இரண்டும். ஒரு இதழ்கூட நசுங்காமல் வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது, அதை எதற்கு மறைக்க வேண்டும்.

சாப்பாடு முடிந்தது, பாட்டு முடிந்தது, ஜெபத்தைக் கார்லண்ட் செய்தார். நேர்மையைப் பற்றித்தான் செய்தார், நம்பினால் நம்புங்கள். ஆமென் சொன்ன கையோடு வயிறு சரியில்லை என்று முதல் ஆளாக இறங்கிவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ராண்டல் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்தான். டெல்ஃபா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டுமட்டும் உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் சாய்ந்து காத்திருந்தேன். காத்திரு என்று அவள் சொல்லவில்லை.

நாங்கள் இறங்கி வந்தபோது ஓடைக் கரையில் எல்லோரும் வண்டிகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆலமரம்போலப் பரந்த ஒரு பெரிய மரத்தின் நிழலில் கார்லண்டின் டிரெய்லர் நின்றது. அதன்மேல் இன்னொரு பழைய டூ-ஸ்ட்ரோக், சிவப்பு. காலையிலேயே கொண்டுவந்து நிறுத்தியது, யாரும் மேலே ஓட்டவில்லை. எதிரே ட்ரீமா நின்றிருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற பெண், போன மாதம்தான் அம்மாவை முகட்டில் புதைத்தாள். இந்தக் கல்லறை ஞாயிறுக்கு அவள் யார் யாரிடமோ கெஞ்ச, இரண்டு பேர் மாறி மாறி அவளை மேலே ஏற்றிப் போனார்கள்.

"நேத்துலேர்ந்து இத நான் தொடவே இல்ல, சிஸ்டர் ட்ரீமா" என்று கார்லண்ட் சொல்லிக்கொண்டிருந்தார். "இப்படியே ஒரே உதையில எழும்பும் பாரு. உங்கம்மா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

ட்ரீமாவின் கண் இன்ஜின்மேல் போயிற்று. பிறகு மூப்பரின் முகத்துக்கு வந்தது. இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் நுழைத்துக்கொண்டாள். அந்தக் கை ஏன் பைக்குள் போயிற்று என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். எல்லோரும் கயிறு கட்டுவதில் மும்முரமானார்கள்.

டெல்ஃபா தன் வண்டியை நிறுத்தினாள். இறங்கி, நொண்டிக்கொண்டே டிரெய்லர் பக்கம் போனாள். கையுறையைக் கழற்றினாள். கார்லண்டைப் பார்க்காமல், அத்தனை பேரும் பார்க்க, உள்ளங்கையைச் சிவப்பு வண்டியின் இன்ஜின்மேல் வைத்தாள்.

கயிறு கட்டுகிற சத்தம் நின்றுபோயிற்று.

"சூடா இருக்கு, பிரதர்."

"வெயில்ல நின்னுச்சு சிஸ்டர், காலையிலேர்ந்து." அவர் குரல் அமைதியாகத்தான் இருந்தது, ஆனால் கழுத்து சிவந்துவிட்டது. "நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நினைக்கல. பிரதர் எஸ்டில், நீயாவது சொல்லு."

என்னைத்தான் கூப்பிட்டார். பிப்ரவரியில் மணிக்கட்டைப் பிடித்தவன் இப்போதும் பிடிப்பான் என்று நினைத்திருப்பார். நான் போனேன். இன்ஜினில் என் கையை வைத்தேன், சுட்டது. அதே கையை எடுத்து இரண்டு சாண் தள்ளிச் சீட்டின்மேல் வைத்தேன்.

"சீட்டு ஜில்லுன்னு இருக்கு" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "வெயில் இன்ஜின மட்டும் பாத்து அடிச்சிருக்கு போல."

ராண்டல்தான் முதலில் சிரித்தான். அவனிடமிருந்து எனக்கு வந்த ஒரே உபகாரம் அது. கார்லண்ட் திரும்பிக்கொண்டார். கிளம்பிப் போக லாரிக் கதவைத் திறந்தார்.

ட்ரீமா பையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். டிரெய்லரில் சாய்ந்து, தானும் அந்த இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள். டெல்ஃபா சட்டைப்பையிலிருந்து அந்த போல்ட்டை எடுத்து அவளுடைய இன்னொரு கையில் வைத்து மூடினாள்.

"அடுத்து ஆயில் பம்ப் இருக்கான்னு கேளு, கண்ணு. கேட்டாச் சொல்லுவாராம்."